குருத்தோலை கட்டிய தோப்பு

சுகந்தி பத்து வரி கேட்டாள்.

நான் வேலை பார்த்து அண்மையில் ஓய்வு பெற்ற வாசனைச் சரக்குக் கொம்பனியில் விளம்பரப் பகுதி அவளுடைய பொறுப்பு. வீடு லெ பிளாங்-மெனிலில், வேலை சென் தெனியில், சனிக்கிழமைச் சாமான் வாங்குவது பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில். அங்கே ரூ காய் என்ற தெருவில் நான் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கிற கடைக்கு இரண்டு மரக்கறிப் பைகளோடு வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"பத்து வரி காணும் அண்ணை. அந்தத் தீவு எங்கை இருக்கு, சனம் எப்பிடி, சாதிக்காய் எப்பிடிக் காய்க்குது. பக்கெற்றுக்குப் பின்னாலை போடப்போறம். அந்த ஊருக்குப் போனவை எண்டு இப்ப நீங்கள் ஒராள்தான் மிச்சம்."

"பக்கெற்றைத் திருப்பி ஆர் வாசிக்கிறது? நான் ஒருநாளும் வாசிச்சதில்லை."

"நீங்கள் வாசிக்காட்டி என்ன, வெள்ளையள் வாசிப்பினம்."

கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே குருத்தோலை கட்டியிருந்தது. பின்னால் சாதிக்காய்த் தோப்பு, பச்சை இருட்டாக. அது எந்த இடம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

"என்ன வடிவாத் தோரணம் கட்டியிருக்கினம் பாருங்கோ. நடுவிலை ஒரு பூ முடிச்சும் போட்டிருக்கினம். இதைத்தான் முகப்பிலை போடுறம். மேலை 'பியன்வெனு' எண்டு எழுதினாச் சரி."

எனக்கு வந்த சிரிப்பில் தேத்தண்ணி சட்டையில் ஊற்றுப்பட்டுவிட்டது. வந்தவர்களை வரவேற்கிற வாசகத்தை எழுத, இந்த உலகத்தில் அதைவிடப் பிழையான இடம் கிடையாது. அவளுக்கு ஏன் சிரிக்கிறேன் என்று விளங்கவில்லை.

"சிரிச்சு முடிச்சிட்டியளோ? இன்னொண்டும் இருக்கு. இந்த மெயிலை அவையின்ரை பாஷையிலை மாத்தித் தாங்கோ."

மெயிலை வாசித்தேன். கொம்பனி இனி ஆள் அனுப்பாதாம். காய்களைப் படம் பிடித்து அனுப்பினால் போதுமாம். வருடக் கடைசி வியாபாரத்துக்கு வசதியாகத் தோப்பை இந்த முறை கொஞ்சம் முந்தித் திறக்க வேண்டுமாம். முடியாவிட்டால் வேறு தீவில் வாங்குவார்களாம். மிகவும் மரியாதையான பிரெஞ்சில் எழுதியிருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. "அடுத்த சனிக்கிழமை வாரும். எழுதித் தாறன்" என்று மட்டும் சொன்னேன். அவளுக்காக எழுதியதுதான் இது. பத்து வரிக்குள் அடங்கவில்லை, அது என் பிழையுமில்லை.

நான் இந்த வேலைக்கு வந்த கதை நீளமில்லை. பிரான்சுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்ட் என்னை மலேசியாவில் இறக்கிவிட்டுக் காணாமல் போனார். கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்துக் கொண்டு, வாடிக்கையாளர்களிடம் ஏச்சு வாங்கி வாங்கியே மலாய் படித்தேன். ஏச்சில் படித்த பாஷை மறக்காது. பிறகு பாரிஸ். எல்லோரையும் போல எனக்கும் பிளோஞ், அதுதான் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. அதன் பிறகு சென் தெனியில் இந்தக் கொம்பனியின் களஞ்சியத்தில் மூட்டை தூக்கினேன். ஒருநாள் கொள்முதல் பகுதித் தலைவி தொலைபேசியில் யாரோ இந்தோனேசியக்காரரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். அந்த ஆள் பேசியது ஏறக்குறைய மலாய்தான், தொலைபேசிக்கு வெளியிலும் கேட்டது. நான் மூட்டையும் தோளுமாகக் கடந்து போகும்போது, "அந்த ஆள் கப்பல் இல்லையென்று சொல்கிறார், காய் இல்லையென்று சொல்லவில்லை" என்றேன். அவர் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அன்றோடு மூட்டை தூக்கினது முடிந்தது.

அவர்தான் மதாம் ஒதில். குள்ளமான மனுசி. வலது காது கேட்காது. நடக்கும்போது எப்போதும் என்னைத் தனக்கு இடப்பக்கமாக விடுவார். கடைசிவரை என்னை "மொசியே செல்வம்" என்றுதான் கூப்பிட்டார், ஒருநாள்கூட ஒருமையில் பேசியதில்லை. ஒரு ஊருக்குப் போய் இறங்கினால் முதலில் சப்பாத்தைக் கழற்றுவார். பிறகு நிழலில் உட்கார்ந்து, ஊர் தன்னைப் பார்த்து முடிக்கும்வரை வாயே திறக்க மாட்டார். "நாங்கள் அவர்களைப் பார்க்க வரவில்லை, மொசியே செல்வம். முதலில் அவர்கள் எங்களைப் பார்க்கட்டும்" என்பார். எனக்கு வாய் சும்மா கிடக்காது. அந்த மௌனத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் சாதிக்காய் பார்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். ஓட்டோடு காய்ந்த காயை இடது காதருகே பிடித்து ஒருமுறை குலுக்குவார். நன்றாகக் காய்ந்திருந்தால் உள்ளே பருப்பு ஓட்டைவிட்டுக் கழன்று கலகலக்கும். ஈரமிருந்தால் ஊமையாக இருக்கும். பூஞ்சணம் பிடித்த காயும் ஒலிக்கும், ஆனால் பஞ்சுக்குள் இருந்து ஒலிக்கிற மாதிரி. சந்தேகம் வந்தால் ஓட்டை உடைத்து, பருப்பைச் சின்னக் கத்தியால் குறுக்கே வெட்டி, முதலில் மணப்பார், பிறகுதான் பார்ப்பார். மூக்கு பொய் சொல்லாது, கண் ஆசைப்படும் என்பது அவர் கணக்கு. வெட்டின கத்தியைப் பாவாடையில் துடைப்பார். அவருடைய பாவாடைகள் எல்லாவற்றிலும் அந்த மணம் இருந்தது. மெத்ரோவில் பக்கத்தில் நிற்கிற ஆட்கள் கேக்குக் கடையைத் தேடுவது போலச் சுற்றுமுற்றும் பார்ப்பார்கள்.

ஹத்துலோரி என்ற அந்த ஊர் இந்தோனேசியாவின் பண்டாக் கடலில் ஒரு தீவின் தெற்குக் கரையில் இருக்கிறது. அம்போன் பட்டினத்திலிருந்து கப்பலேற வேண்டும். கப்பல் ஒரு தீவில் அரிசி இறக்கும், இன்னொன்றில் ஆடு ஏற்றும், வேறொன்றில் யாருடைய மாமியாரையோ இறக்கிவிட்டு அவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்று பார்த்து நிற்கும். காற்று பிழைத்தால் வராமலே விட்டுவிடும். அந்தக் கடல் நீலமில்லை. ஆழத்தின் நிறம் அது, கறுப்புக்கும் ஊதாவுக்கும் இடையில். விடியற்காலையில் தீவுகள் நீரைத் தொடாமல் மிதக்கிற மாதிரித் தெரியும். நானும் மதாமும் கப்பலின் மேல்தட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருப்போம். தூங்கி எழுந்தேனா, இன்னும் தூக்கத்திலேதான் இருக்கிறேனா என்று எனக்கு அந்த நேரங்களில் நிச்சயமாகத் தெரிந்ததில்லை.

கரையிறங்குமுன்பே மணம் வந்துவிடும். ஊர் ஒரே ஒரு தெரு. ஒரு நுனியில் தேவாலயம், மறு நுனியில் பள்ளிவாசல், நடுவில் தகரக் கூரை வீடுகள். வாசல்தோறும் பாய்களில் சாதிபத்திரி காயும். காயைச் சுற்றியிருக்கும் அந்தச் சிவப்பு வலையை எங்கள் பக்கத்தில் வசவாசி என்போம். வெயிலில் தெரு முழுக்கச் சிவப்பாகக் கிடக்கும், கோழிகள் ஓரமாக நடந்து போகும். ஊருக்குப் பின்னால் தோப்பு. சாதிக்காய் மரத்துக்கு நேர்வெயில் ஆகாது. அதனால் மேலே கெனாரி என்ற ராட்சத மரங்கள் குடை பிடித்து நிற்கும். அவற்றின் வேர்கள் ஆளுயரத்துக்குச் சுவர் போல எழும்பியிருக்கும். உள்ளே போனால் ஒளி பச்சையாகக் கசியும். மேலே எங்கேயோ புறாக்கள் தொண்டைக்குள் முனகும். அந்தத் தோப்புக்குள் யாரும் உரத்துப் பேசி நான் கேட்டதில்லை.

நாங்கள் முதல்முறை போனபோது தோப்பு வாசலில் குருத்தோலை கட்டியிருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். "மதாம், உங்களுக்காகத் தோரணம் கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் பெரிய ஆட்கள் வந்தால் இப்படித்தான்" என்று சொல்லி, கலியாண வீட்டுக்குப் போகிறவன் போலக் குனிந்து உள்ளே நுழைந்தேன். நம்பிப் பின்னால் வந்தார் பாவம். விழுந்து கிடந்த ஒரு பழத்தையும் பொறுக்கி அவர் கையில் கொடுத்தேன்.

சங்கு ஊதிய சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் ஊரே வாசலில் நின்றது.

அந்த ஓலைக்குப் பெயர் சாசி. ஓலை கட்டிவிட்டால் தோப்பு பூட்டியாயிற்று என்று அர்த்தம். காய் முற்றி, தோப்புக் காவலர் அவிழ்க்கும்வரை ஒருவரும் உள்ளே போகக் கூடாது, விழுந்த காயையும் தொடக் கூடாது. பூட்டுமில்லை, வேலியுமில்லை. ஓலை மட்டும்தான். பிஞ்சில் பறிக்கிற போட்டி வராமல் அந்தத் தோப்பைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது அதுதான். மீறினவர் வெற்று எண்ணெய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டு தேவாலயத்திலிருந்து பள்ளிவாசல்வரை நடக்க வேண்டும். வீட்டுக்கு வீடு நின்று, செய்ததைத் தன் வாயாலே சொல்ல வேண்டும்.

காவலர் எலியாஸ் நெடிய, மெலிந்த மனிதர். அவர் பேசினது மலாய். நான் அதை எங்கள் தமிழில்தான் எழுதுவேன், வேறு தமிழில் பேசினால் அவர் எனக்கு வேற்று ஆளாகிவிடுவார்.

"தெரியாமல் வந்தனீங்கள் எண்டு எனக்கு விளங்குது" என்றார். "ஆனா ஓலைக்கு அது விளங்காது."

அது என் மடத்தனம், மதாமுக்கு இதில் பங்கில்லை என்று சொல்லிப் பார்த்தேன். மதாம் என்னிடம் விஷயத்தைக் கேட்டு அறிந்தார். "பழம் என் கையில் இருக்கிறது, மொசியே செல்வம்" என்றார். ஆக, நடந்தோம். நான் தகரத்தைத் தட்டி மலாயில் கத்த, அவர் பின்னால் தொப்பியோடு வந்து அதையே பிரெஞ்சில் ஒவ்வொரு வாசலிலும் ஒழுங்காகச் சொன்னார். சிறுசுகள் சிரித்துச் சிரித்துக் கோழிகளுக்கு மேலே விழுந்தன. பள்ளிவாசல் நுனியில் எலியாஸின் மனைவி டோர்சே எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தார். அதன்பிறகு அந்த ஊரில் எங்களை யாரும் வெளியாட்களாக நடத்தவில்லை.

வருடா வருடம் போனோம். ஓலை அவிழ்க்கிற நாளுக்குப் போய், முதல் பறிப்பு புகைவீட்டில் காயும்வரை அங்கேயே இருப்போம். நல்ல காலம் அது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இனி, அந்த ஒரு வருடம்.

அதற்கு முந்திய வருடம் விடைபெறும்போது மதாம், "நான் வந்தபிறகு அவிழ்ப்பீர்களா? முதல் காய் விழுவதைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டிருந்தார். எலியாஸ் ஓலைக்குக் கீழே நின்று ஓம் என்றார். ஆனால் நாங்கள் புறப்படவிருந்த நேரத்தில் கொம்பனியின் புதுக் கட்டடத் திறப்பு விழா வந்தது. ரிப்பன் வெட்டும்போது மதாம் பக்கத்தில் நிற்க வேண்டுமென்று மேலிடம் சொன்னது. அவர் நின்றார். நாங்கள் பிடிக்க வேண்டிய கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலும் காற்றைச் சாக்காகக் காட்டிப் பிந்தியது. அந்தக் காலத்தில் ஹத்துலோரிக்குத் தொலைபேசி கிடையாது, சொல்லி அனுப்பவும் வழியில்லை.

நாங்கள் போய் இறங்கியபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஓலை இன்னும் கட்டியே இருந்தது. பழங்கள் வெடித்து விழுந்து, நனைந்த சருகுக்குள் நாட்கணக்காகக் கிடந்தன. ஒருவரும் தொடவில்லை. எலியாஸ் எங்களைக் கண்டதும் போய் ஓலையை அவிழ்த்தார். ஊர் மூச்சுவிடாமல் பொறுக்கியது. புகைவீடுகள் இடைவிடாமல் எரிந்தன.

காய்கள் காய்ந்ததும் மதாம் தேவாலய விறாந்தையில் பாயில் உட்கார்ந்தார். ஊர் சுற்றி உட்கார்ந்தது. ஒவ்வொரு பிடியாக எடுத்துக் குலுக்கினார். எனக்கே அந்தப் பஞ்சுச் சத்தம் கேட்டது. வெட்டினார், மணந்தார், பார்த்தார். பருப்புக்குள் வெண்சாம்பல் பூத்திருந்தது. அந்தப் பூஞ்சணம் நஞ்சு. ஐரோப்பாத் துறைமுகத்தில் அடுத்த நிமிடமே பிடிபடும், பிடிபடாவிட்டால் யாரோ பிள்ளையின் பாலில் கலக்கும். மதாம் நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை மறு பக்கமுமாகப் பிரித்துக்கொண்டே போனார். பொழுது சாயும்போது கெட்ட குவியல் அவருடைய தோளளவு இருந்தது.

"இவற்றை நான் வாங்க மாட்டேன்" என்றார். மொழிபெயர்த்தேன். அதைச் சொன்ன என் வாயை நானே வெறுத்தேன்.

ஊர் கொதித்தது மதாமோடு இல்லை, எலியாஸோடு. மழைக்கு முன்னம் ஏன் அவிழ்க்கவில்லை? அம்போன் வியாபாரி பிஞ்சுக்காயையே வாங்கத் தயாராக நிற்கும்போது இந்த ஓலை எதற்கு? ஒருவன் எழும்பி, "அடுத்த முறை ஓலை கட்டாதேங்கோ. அவனவன் தன்ரை மரத்தைத் தான் பாப்பான்" என்றான். பலர் தலையாட்டினார்கள். ஓலை போனால் தோப்பும் சில வருடங்களில் போய்விடும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஆட்டினார்கள். மறுநாள் ஊர்க் கூட்டத்தில் முடிவு என்றாயிற்று.

எலியாஸ் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "காலத்தை நான் பிழையாக் கணிச்சிட்டன்."

மறுநாள் காலை டோர்சேயின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவர் வசவாசியை உதிர்த்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அவர் பிழையாக் கணிக்கேல்லை. காய் முத்தினது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிக் கரைக்குப் போய் உங்கடை கப்பலைப் பாத்தவர். குடுத்த வாக்கு எண்டார்."

"பிறகேன் சனத்துக்குச் சொல்லேல்லை?"

"விருந்தாளியிலை பழி போடவோ? நீரும் சொல்லிப்போடாதையும்."

மொழிபெயர்க்கிறவனிடம் சொல்லிவிட்டு, சொல்லாதே என்கிறார். நான் தெருவில் இரண்டு தரம் மேலும் கீழும் நடந்தேன். பிறகு போய் மதாமிடம் சொன்னேன், அவருடைய நல்ல காதில்.

மதாம் கடல் பக்கம் திரும்பினார். பிறகு, "பிந்திவிட்டேன் என்பதற்கு என்ன சொல்வார்கள்?" என்று கேட்டார்.

"சாயா தெர்லம்பாத்."

அதைப் பலமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். டோர்சேயின் குசினியிலிருந்து வெற்று எண்ணெய்த் தகரம் ஒன்றை எடுத்தார். நானும் எழுந்தேன். "இல்லை, மொசியே செல்வம். இது உங்களுடையதல்ல" என்றார்.

தேவாலய வாசலில் தொடங்கினார். டங், டங் என்று இரண்டு தட்டு. "சாயா தெர்லம்பாத்." அடுத்த வீடு. டங், டங். "சாயா தெர்லம்பாத்." உச்சரிப்பு படுமோசம். வெறுங்கால், பாவாடையில் சாதிக்காய்க் கறை, கையில் தகரம். இந்த முறை சிறுசுகள் சிரிக்கவில்லை. முற்றத்துச் சிவப்புப் பாய்களுக்கு நடுவில் சனங்கள் எழுந்து எழுந்து நின்றார்கள். ஓலை கட்டாதே என்று சொன்னவன் வீட்டு வாசலிலும் நின்று சொன்னார். அவன் முதலில் அவரைப் பார்த்தான். பிறகு தெருவின் எதிர்ப்பக்கம் நின்ற எலியாஸைப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பள்ளிவாசல்வரை நடந்து முடிந்ததும் யாரும் கூட்டம் கூட்டவில்லை. எலியாஸ் புதுக் குருத்தோலை வெட்டிக்கொண்டு தோப்பு வாசலுக்குப் போனார். ஊர் பின்னால் போயிற்று. கம்பத்தில் சுற்றியபிறகு, முடிச்சுப் போடுகிற நுனியை மதாமிடம் நீட்டினார். மதாமுக்கு ஓலை முடிச்சு எங்கே தெரியும்? சப்பாத்து நாடா கட்டுகிற மாதிரி இரண்டு காது வைத்து ஒரு முடிச்சுப் போட்டார். எலியாஸ் அதைக் குனிந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன்.

கெட்ட காய்களை மதாம் கடைசிவரை வாங்கவில்லை. அவை எரிந்தன. அந்த வருடம் ஹத்துலோரியில் இரண்டு கலியாணங்கள் தள்ளிப்போயின, பள்ளிக்கூடக் கூரை ஒழுகிக்கொண்டே கிடந்தது. அவர் தகரத்தோடு நடந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஓலை மட்டும் மிஞ்சியது.

இவ்வளவையும் எழுதி, சொன்னபடி சனிக்கிழமை சுகந்தியிடம் கொடுத்தேன். தேத்தண்ணி ஆறி ஆடை படரும்வரை வாசித்தாள். பிறகு கைபேசியை எடுத்து அந்தப் படத்தை விரலால் பெருப்பித்தாள். ஓலையின் நடுவே அந்தப் பூ முடிச்சு. இரண்டு காது, வலதுபக்கம் கொஞ்சம் பெரிது.

"இது... இந்த வருசம் எடுத்த படம் அண்ணை."

"ஓம்."

"மதாம் ஒதில் செத்துப்போனாவெல்லோ?"

"ஓம். அங்கை நான் சொல்லேல்லை. அவ கட்டினபடியே அவை கட்டட்டும்."

அவள் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். எதிர்க்கடையில் யாரோ முருங்கைக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மெயில் மாத்தித் தரவேண்டாம். திங்கள் நான் மேலை பெரியவையிட்டை ஏறிப்போய் ஒவ்வொரு அறையாத் தட்டி, நேரை நிண்டு சொல்லுறன். தோப்பை முந்தித் திறக்கேலாது எண்டு."

"கேப்பினமோ?"

"தெரியாது." பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். "உங்கடை வீட்டிலை வெறுந் தகரம் ஒண்டு கிடக்குமோ அண்ணை?"